தூக்குவாளிக்குள் ஒரு குரல்

அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்கெல்லாம் சாயங்காலம் என்றால் விளக்குப் போடுகிற நேரம். கடைசி வீட்டு மருமகளுக்கு மட்டும் அது பயப்படுகிற நேரம். மதியம் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கும்போதே எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அதில் வெயில் மேலே ஏற ஏற, பயமும் கூடவே ஏறும்.

பயம் மாமனாரை நினைத்துத்தான். பகலில் அவரைப் போல ஒரு சாதுவைப் பார்க்கவே முடியாது. என்ன கிழமை, சாப்பிட்டோமா இல்லையா, எதிரே நிற்பது யார், எதுவும் அவர் தலையில் நிற்பதில்லை. பெற்ற மகனையே சில நாள் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று மரியாதையாக விசாரிப்பார். ஆனால் தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் பின்கட்டில் வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த கை அது. அங்கே அவருக்கு 'மூணு தண்ணி' என்று பட்டப்பெயர். சோப்புப் போட்டுத் தேய்த்ததை மூன்று தடவை தனித்தனித் தண்ணீரில் அலசாமல் வெளியே விடமாட்டார். கூட்ட நேரத்தில் தட்டு இல்லையென்று முதலாளியே வந்து கத்தினாலும், மூணாவது தண்ணி பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு அலசிக்கொண்டிருப்பாராம்.

அதனால் காலையில் பாத்திரங்களை ஒரு டப்பில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டால் போதும், வீடு அமைதியாகிவிடும். அழுக்குப் பாத்திரம் தீர்ந்துவிட்டால் மருமகள் அலமாரியில் இருக்கிற சுத்தமான பாத்திரங்களையும் இறக்கிக் கொடுத்துவிடுவாள். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பக்கத்து அறையில் அவளுக்குத் தையல் மெஷின். பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, சட்டைக்கு இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று அக்கம்பக்கத்து ஆல்டரேஷன் எல்லாம் அவளிடம்தான் வரும். பாத்திரச் சத்தம் கேட்கிறவரை அவள் கால் மெஷினை மிதிக்கும். சத்தம் நின்றால் காலும் நின்றுவிடும்.

சாயங்காலம்தான் வில்லங்கம். அது அவர் ஹோட்டலிலிருந்து வீடு திரும்புகிற நேரம். வெளிச்சம் மங்கியதும் எழுந்து, ஈரக் கையோடு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அவ எங்க?" என்பார். 'அவ' என்றால் அவருடைய மனைவி. மருமகளுக்கு அத்தை. அத்தை இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னார்கள். அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னார்கள், மறுபடி அழுதார். ஒரு மனுஷன் ஒரே சாவுக்கு எத்தனை தடவைதான் அழுவது? பார்க்கச் சகிக்காமல் சொல்வதை நிறுத்தினார்கள். சொல்லாவிட்டால் தேடிக் கிளம்பினார். ஒரு நாள் அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வெளியே போனவரை, பெரிய ரோட்டின் நடுவில், இரண்டு பக்கமும் லாரிகள் சீறிக்கொண்டு போக, நடுத்திட்டில் செருப்பில்லாமல் நிற்கிறபோதுதான் கண்டுபிடித்தாள். அந்த லாரிகளின் காற்றில் அவர் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது இன்னும் அவள் கண்ணிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். கதவை மணிக்கட்டு வீங்குகிறவரை குத்தினார். "யாருடி நீ, எதுக்குடி என்னைப் பூட்டி வெச்சிருக்க" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். ஒரு நாளும் அவளை வாடி போடி என்றவர் இல்லை.

இப்படி உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்த காலத்தில்தான் அத்தையின் பழைய போன் கிடைத்தது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. சார்ஜ் போட்டு, போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று துழாவினாள். போனைக் கையில் எடுத்தாலே எதையாவது அழுத்திவைக்கிறவள் அத்தை. அப்படித் தெரியாமல் அழுத்தி, தெரியாமலே பதிவான ஒரு சின்ன ஒலிப்பதிவு அதில் இருந்தது. அத்தை சமையலறையில் நிற்கிறாள். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். உடனே அத்தையின் குரல், "ஏங்க, வந்துட்டீங்களா?" ஒரு மூடி கீழே விழுந்து உருளுகிறது. "இது வேற" என்று அத்தை தனக்குத்தானே முணுமுணுக்கிறாள். அப்புறம், "கையத் தொடச்சுட்டு உக்காருங்க. நான் உள்ளதான் இருக்கேன். இதோ வர்றேன்." அவ்வளவுதான்.

அன்றைக்குத் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தவர் அந்தக் குரலைக் கேட்டதும் நின்றார். "ம்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உள்ளே இருக்கிறாள், வருவாள் என்று காத்திருந்தார். காத்திருப்பது கொஞ்ச நேரத்தில் மறதியில் கலந்துபோக, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார். மருமகள் சமையலறைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அதே வைத்தியம். போனின் ஸ்பீக்கர் கரகரவென்று இருக்கும், சத்தம் பத்தாது. அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போனை நிறுத்தி, சமையலறை வாசலுக்கு உள்பக்கம் வைத்தால், அத்தையே உள்ளே நின்று பேசுகிற மாதிரி கணீரென்று கேட்கும். லாரி ஓட்டுகிற கணவன் இதைக் கேட்டு அசந்துபோனான். தன் போனுக்கும் ஒரு காப்பி எடுத்து வைக்கிறேன், அடுத்த ட்ரிப் முடித்து வந்ததும் முதல் வேலை அதுதான் என்றான். பழைய போனில் கேபிள் சொருகுகிற இடம் லூஸ். கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அவன் எத்தனையோ ட்ரிப் போய்வந்தான். முதல் வேலை மட்டும் கடைசி வேலையாகவே இருந்தது.

தப்பு நடந்த சாயங்காலம் ஒன்றும் விசேஷமானதில்லை. குரல் கேட்டு மாமனார் உட்கார்ந்த அதே நேரத்தில், பேன்ட் ஜிப் போய்விட்டது என்று ஒரு ஆள் கதவைத் தட்டினான். அவள் தூக்குவாளியை அப்படியே மேடையில் வைத்துவிட்டு ஓடினாள். ஜிப்பில் மூழ்கியவளுக்கு அது நினைப்பிலிருந்து நழுவிப்போனது. காலையில் மேடையில் இருந்ததை எல்லாம் வழக்கம்போல வாரி டப்பில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். ஒரு எட்டு எட்டி உள்ளே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மெஷினில் உட்கார்ந்திருந்தபோது பாத்திரச் சத்தம் அன்றைக்கு ஒரே சீராகக் கேட்டது. அவளுக்குக்கூட மனசு லேசாக இருந்தது. வேலையை முடித்து வந்து பார்த்தால், கூடையில் தட்டுகள் வரிசையாக நிற்கின்றன, டம்ளர்கள் கவிழ்ந்திருக்கின்றன, அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னத் தட்டு மாதிரி சாய்ந்து நிற்கிறது அத்தையின் போன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிறது. ரப்பர் உறையைக் கழற்றி, உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பித் தேய்த்து, அதையும் பக்கத்தில் கவிழ்த்திருந்தார்.

அவள் நிற்பதைப் பார்த்து, வேலை முடித்த திருப்தியோடு, "மூணு தண்ணியும் ஆச்சு" என்றார்.

அவரைத் திட்ட வாய் வரவில்லை. திட்டினால் எதற்கென்று அவருக்குத் தெரியப்போவதுமில்லை. போனை எடுத்து உதறினாள், துடைத்தாள், பதற்றத்தில் பட்டனை அழுத்தினாள். திரை ஒரு கணம் வெளுத்து, குறுக்கே ஒரு கோடு ஓடி, அணைந்தது. அணைந்த பிறகுதான், நனைந்த போனை ஆன் பண்ணவே கூடாது என்று யாரோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அரிசிக்குள் புதைத்தால் ஈரத்தை இழுக்கும் என்பதும் எங்கோ கேட்டதுதான். அரிசி டின்னைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, போனை அடியில் புதைத்தாள். புதைத்துவிட்டுச் சும்மா இருக்க முடிந்ததா? கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் தோண்டி எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். எதைக் கேட்டாளோ.

தன் போனிலிருந்து கணவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். எங்கோ வண்டியை ஓரம் கட்டிக்கொண்டு கேட்டான். ஏன் பார்க்கவில்லை என்று கத்தப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். கத்தவில்லை. நாளைக்கு மதியத்துக்கு முன்னால் வர முடியாது என்றான். கடைசியில், "சாயங்காலம் என்ன பண்ணுவ?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் அவள் போனே போட்டது.

பெரிய ரோட்டுக்குப் போகிற வழியில் ஒரு போன் ரிப்பேர் கடை உண்டு. கடைக்காரனுக்குத் தெருவில் 'பாக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆனால் அந்த ஒரு வார்த்தையிலேயே பல தினுசு உண்டு என்று அவனிடம் போன் கொடுத்தவர்களுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்துச் சொன்னால் சரியாகிவிடும். குனிந்துகொண்டே சொன்னால் இழுபறி. பெருமூச்சு விட்டுச் சொன்னால் புதுப் போன் வாங்கக் கிளம்ப வேண்டியதுதான்.

மாமனாரைத் தனியாக விட முடியாதே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் அவரை உட்காரவைத்தாள். கடைக்காரன் போனைப் பிரித்து, சார்ஜ் போடுகிற ஓட்டையில் சின்னச் சாமணத்தை விட்டு எதையோ பிடித்து இழுத்தான். முழுசாக ஒரு அரிசி வந்தது. அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, குக்கர்ல எத்தனை விசில் விடணும்?" என்றான். வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

"ஆன் பண்ணீங்களா?"

"இல்லப்பா."

அவன் நிமிர்ந்து அவளையே பார்த்தான். பயத்தில் பொய் சொன்னவளுக்கு அதைவிடப் பயமாகிவிட்டது.

"ஒரே ஒரு தடவ. தெரியாம அழுத்திட்டேன்."

அவன் குனிந்துகொண்டு, "பாக்கலாம்" என்றான்.

உள்ளே இருந்த போர்டை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைத்து, ஸ்பிரிட் ஊற்றி, பல் துலக்குகிற பிரஷ்ஷால் மெல்ல மெல்லத் தேய்த்தான். பிரஷ் போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போனது. ஒரு மூலையில் பச்சையாக ஏதோ பூத்திருந்ததைக் காட்டி, சோப்புத் தண்ணீர் என்பதால் வேகமாக அரிக்கிறது என்றான். மூச்சு விட்டால் கெட்டுவிடும் என்பது போல அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "தம்பி, மூணு தண்ணி பாக்கணும்." கடைக்காரன் சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். நியாயமாகப் பார்த்தால் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் ஸ்பிரிட்டை மாற்றித்தான் கழுவினான்.

அவள் திரும்பியபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

அப்படியொரு பயத்தை எழுதிக் காட்ட முடியாது. வெளியே ஓடி வந்து, முதலில் பெரிய ரோட்டுப் பக்கம் பார்த்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாமா, மாமா என்று கத்தினாள். அந்தப் பக்கம் ஓடி, இந்தப் பக்கம் ஓடி, யாரையோ இடித்து, பாதி வழியில் செருப்பு அறுந்துபோய், கடைசியில் ரிப்பேர் கடைக்குப் பின்னால் இருந்த டீக்கடைக்கு வந்தாள். அங்கே வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவர் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியவை பலகையில் பளபளவென்று கவிழ்ந்திருந்தன. டீக்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, பெரியவர் தினமும் வருவாரா என்று அவளிடம் விசாரித்தார். அவள் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரமான அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் சங்கடமாக அவளைப் பார்த்துவிட்டு, "யாரும்மா, என்ன ஆச்சு?" என்றார்.

கடைக்குத் திரும்பி வந்தபோது எதிர்க்கடைச் சுவரில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. போர்டு இன்னும் காய வேண்டும், போனை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றான் கடைக்காரன். அவளுக்குச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் குரலைப் பற்றி, சாயங்காலத்தைப் பற்றி, பெரிய ரோட்டைப் பற்றி, தூக்குவாளியைப் பற்றி முன்னும் பின்னுமாகச் சொன்னாள். இன்றைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பேசவைத்தால் போதும் என்றாள்.

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "அக்கா, நான் இப்பவே கரண்ட் குடுக்கலாம். பேசினாலும் பேசும். உள்ள ஈரம் இருந்தா எரிஞ்சுடும். எரிஞ்சா அந்தக் குரலை அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. நீங்க சொல்லுங்க."

இன்றைக்கு ஒரு சாயங்காலமா, இனி வரப்போகிற எல்லாச் சாயங்காலமுமா? அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வெளியே வெளிச்சம் மங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காயட்டும்" என்றாள். கடைக்காரன் இந்தத் தடவை பாக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யோசித்தபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

வந்ததும் இருக்கிற பாத்திரத்தை எல்லாம் இறக்கி அவர் முன்னால் வைத்தாள். விளக்குகளை எல்லாம் போட்டாள். ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். இருட்டுவது தெரியாமல் இருந்தால் அவருக்குச் சாயங்காலமே வராது என்று ஒரு நப்பாசை. கதவைப் பூட்டுவதா வேண்டாமா என்று தாழ்ப்பாளுக்கும் சாவிக்கும் நடுவில் நின்றாள். வீங்கிப்போன அந்த மணிக்கட்டு ஞாபகம் வந்தது. பூட்டாமல் தாழ்ப்பாளை மட்டும் போட்டாள்.

திரையெல்லாம் அவரிடம் பலிக்குமா? பாதி டப்பில் கையை எடுத்துவிட்டார். பாத்திரச் சத்தம் நின்றது. எழுந்து, கையிலிருந்து தண்ணீர் சொட்ட, அறை அறையாகப் பார்த்தார்.

"அவ எங்க?"

அத்தை உள்ளேதான் இருக்கிறாள், வருவாள் என்று மருமகள் சிரித்த முகத்தோடு சொன்னாள். அவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது. திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் சந்தேகம் வந்துவிட்டது.

"நீ யாரும்மா?"

அவள் சமையலறைக்குள் போய்ச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அந்தப் பதிவு அவளுக்குத் தலைகீழாகப் பாடம். அத்தை எங்கே மூச்சு விடுவாள், எந்த எழுத்தை இழுப்பாள் என்பதுவரை தெரியும். ஆனால் முதல் வார்த்தை இருக்கிறதே, அங்கேதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏங்க. கட்டிய நாள் முதல் அவள் தன் புருஷனை மட்டும் கூப்பிடுகிற வார்த்தை. மாமனார் இருக்கிற கூடத்தில் அதைக்கூட அவள் சத்தமாகச் சொன்னதில்லை. அப்பாவுக்குச் சமமான மனுஷனை, மாமா என்று கூப்பிட்ட வாயால், எப்படி? நினைக்கும்போதே முகம் சூடானது. அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்ததிலிருந்து ஆரம்பித்தாள்.

"வந்துட்டீங்களா? கையத் தொடச்சுட்டு உக்காருங்க."

"யாரு உள்ள?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவருக்கும் பயம். வீட்டில் மனைவி இல்லை, தெரியாத ஒருத்தி நடமாடுகிறாள், உள்ளே வேறு யாரோ பேசுகிறார்கள். அவளுக்கு இருந்த பயத்தைவிட அவர் பயம் பெரிதாகத்தான் இருந்திருக்கும். செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு கொஞ்சம் திறக்கவும், பெரிய ரோட்டு லாரிச் சத்தம் வீட்டுக்குள் வந்தது.

மேடையில் அந்தத் தூக்குவாளி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. அவள் அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து, வாயை அதற்குள் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏங்க."

தூக்குவாளிக்குள் அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. வெளியே தாழ்ப்பாள் சத்தம் நின்றது.

"ஏங்க, வந்துட்டீங்களா?"

விடக்கூடாது. மூடியை எடுத்துக் கீழே போட்டாள். அது டணாரென்று விழுந்து உருண்டது. "இது வேற" என்று முணுமுணுத்தாள். "கையத் தொடச்சுட்டு உக்காருங்க. நான் உள்ளதான் இருக்கேன். இதோ வர்றேன்."

"ம்."

கதவு சாத்துகிற சத்தம். கால்கள் திரும்பி வருகிற சத்தம். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் உட்காரும்போது வழக்கமாக வருகிற சின்ன முனகல். அவள் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நின்றாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தினமும் அத்தோடு முடியும். ஆனால் அவர் கூடத்திலிருந்து மறுபடி பேசினார்.

"என்ன, குரல் நடுங்குது? பயந்துட்டியா?"

போனுக்குள் இருந்த அத்தையின் குரல் நடுங்கியதே இல்லை, அதனால் இப்படியொரு கேள்வியும் வந்ததே இல்லை. இதற்குப் பதில் அவளுக்குப் பாடமாகவில்லை. பொய் சொல்லத் தோன்றவும் இல்லை.

"ஆமா" என்றாள் தூக்குவாளிக்குள்.

"பயப்படாத. அதான் நான் வந்துட்டேன்ல."

காலையிலிருந்து அவளிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், தேம்பித் தேம்பி அழுதாள்.

மறுநாள் கணவன் வந்ததும் இரண்டு பேருமாக மாமனாரை நடுவில் விட்டு ரிப்பேர் கடைக்குப் போனார்கள். கடைக்காரன் வாசலிலேயே நிமிர்ந்து, "பாத்தாச்சு" என்றான். அந்தக் கடையில் அப்படியொரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. போன் பிழைக்கவில்லை. கொஞ்ச நேரம் உயிர் வந்து அணைந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் குரலை மட்டும் வெளியே எடுத்துவிட்டிருந்தான். கணவன் தன் போனில் ஒன்று, அவள் போனில் ஒன்று, தன் தங்கையின் போனுக்கு ஒன்று என்று காப்பி காப்பியாக அனுப்பித் தள்ளினான். வருகிற வழியில் கையடக்கமாக ஒரு ஸ்பீக்கரும் வாங்கினான். நேற்று எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டதற்கு, ஏதோ சமாளித்தேன் என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வந்தது. பாத்திரச் சத்தம் நின்றது. "அவ எங்க?" என்று மாமனார் எழுந்தார். கணவன் சமையலறை வாசலில் தயாராக நின்று, ஸ்பீக்கரை மறைத்து வைத்து அழுத்தினான். அத்தையின் குரல் தெள்ளத்தெளிவாக வந்தது. ஏங்க, வந்துட்டீங்களா. மூடி உருண்டது. மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, "ம்" என்றார். கணவன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

"பயம் போச்சா?" என்று கேட்டார் மாமனார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறு தின்றது நிற்காத தலையில் இது மட்டும் எப்படி நின்றதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கணவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஸ்பீக்கரை அழுத்தினான். ஏங்க, வந்துட்டீங்களா என்றது.

"அதான் வந்துட்டேன்னு சொல்றேன்ல. பயம் போச்சான்னு கேட்டேன்."

ஸ்பீக்கரிடம் அதற்குப் பதில் இல்லை. அவர் தரையில் கையை ஊன்றினார், எழுந்தார். அவர் முகம் கலங்க ஆரம்பித்திருந்தது. கண் கதவுக்குப் போனது. கணவன் பதறிப்போய்க் குறுக்கே நின்றான்.

அவள் சமையலறைக்குள் திரும்பி, மேடையிலிருந்த தூக்குவாளியை எடுத்தாள். புருஷன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

"ஏங்க" என்றாள்.

"ம்" என்று கூடத்திலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

"போச்சு. உக்காருங்க."

இரண்டு பேருமே உட்கார்ந்தார்கள்.